துண்டை எடுத்த கை

அண்மையில் டிக்கோயாவிலுள்ள உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். காலை வேளை. பனிமூட்டம் மெல்ல விலக, கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் மின்னிக்கொண்டிருந்தது. பாதையோரத்தில் முதியவர் ஒருவரும், பாடசாலைச் சீருடையணிந்த அவருடைய பேத்தியும் பஸ்ஸுக்காக நின்றிருந்தனர். அவ்வழியே பெரிய மோட்டார் வண்டி ஒன்று வந்தது. முதியவர் சட்டென்று தோளிற் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி நின்றார். வண்டி போய்விட்டது.

“யாரு தாத்தா அது?” என்றாள் சிறுமி.

“தெரியலயே புள்ள.”

“தெரியாதவங்களுக்கா துண்டை எடுத்தீங்க?”

முதியவர் சற்றே வெட்கத்துடன் சிரித்தார். “கை தானாப் போயிருச்சு புள்ள,” என்றார்.

நேயர்களே, அந்தக் கை தானாக எழுந்ததா? அதனை எழுப்பியது எது? இந்த வினாவுக்கு விடை தேடுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட பேரறிஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் எரிக் புரோம்.

1900ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர் புரோம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 1934இல் அமெரிக்காவிற் குடியேறினார். மனித மனத்தின் ஆழத்தை ஆராயும் உளப்பகுப்பியலை நிறுவிய சிக்மண்ட் பிராய்ட், மனத்தின் சிக்கல்களுக்கு இயல்பூக்கங்களிலும் குழந்தைப் பருவத்திலும் காரணம் தேடினார். புரோமோ, “அந்தக் குழந்தை எத்தகைய சமுதாயத்திற் பிறந்தது?” என்றும் கேட்டார். கற்றறிந்த மக்கள் தம் சுதந்திரத்தை ஒரு சர்வாதிகாரியின் காலடியில் வைத்தது ஏன் என்பதை 1941இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்தார்.

அவர் கண்ட உண்மை இதுதான். ஒவ்வொரு சமுதாயமும் தனது தொழில் நடப்பதற்கு எத்தகைய மனிதர் தேவையோ, அத்தகையோரையே உருவாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்த கட்டளை, நாளடைவில் உள்ளிருந்து எழும் விருப்பம் போலவே ஆகிவிடுகிறது. இதனைச் ‘சமூகக் குணவியல்பு’ என்றார் புரோம். பெற்றோர் தம்மை அறியாமலே அதனைப் பிள்ளைகளுக்கு ஊட்டுகின்றனர்.

புரோம் பின்னர் மெக்சிக்கோவில் நெடுங்காலம் வாழ்ந்தார். அங்கே ஏறத்தாழ 800 பேர் வாழ்ந்த ஒரு கிராமத்தை, மைக்கேல் மக்கோபி என்பாருடன் சேர்ந்து பல்லாண்டுகள் ஆராய்ந்து 1970இல் நூலாக வெளியிட்டார். 1910இல் வெடித்த புரட்சிக்குப் பின் அந்நாட்டின் பெரும் பண்ணைகள் உடைந்து, குடியானவர்களுக்கு நிலம் கிடைத்தது. ஆயினும் எசமான் போன பின்னும், எசமானை எதிர்நோக்கும் மனம் பலரிடம் போகவில்லை. நிலம் பெற்றும் அதனை ஆளத் துணியாதோரும், குடியில் வீழ்ந்தோரும் அவ்வூரில் இருந்தனர்.

இதைப் படிக்கையில் நமது மலைநாட்டை நினையாதிருக்க முடியுமா? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிரைத் தொடங்குமுன்பே, கோப்பிக் காலத்திலேயே, தமிழகத்திலிருந்து நம் முன்னோர் இம்மலைகளுக்கு வந்துவிட்டனர். விடியலில் தப்போசை, பெரட்டுக் களம், கங்காணியின் கடன், துரையின் சொல், லயத்தின் ஒற்றைக் காம்பரா. நிமிர்ந்து பேசினாற் பிழைப்புப் போகும் என்ற அச்சம் நாளெல்லாம் கூடவே இருந்தது. இத்தகைய வாழ்வில், “கையைக் கட்டி நில், எதிர்த்துப் பேசாதே” என்று பிள்ளைக்குச் சொன்ன தாய் அடிமைப் புத்தி கொண்டவளல்லள், பிள்ளையைக் காக்க முயன்றவள். அவளைப் பழிப்பது அறியாமை.

பணிவு நம் இரத்தத்தில் ஊறியது என்பாருக்கு வரலாறே மறுமொழி கூறும். 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசையரையும், அவருடன் தோட்டந்தோறும் சென்ற மீனாட்சி அம்மையையும் எண்ணிப் பாருங்கள். 1940இல் முல்லோயா வேலைநிறுத்தத்தில் உயிரீந்த கோவிந்தனை எண்ணிப் பாருங்கள். சமுதாயம் வளைத்த முதுகை மனிதன் நிமிர்த்த முடியும். அந்த நம்பிக்கையால்தான் புரோமின் நெறி மனிதநேய உளப்பகுப்பியல் எனப்பட்டது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரேயிரே, ஒடுக்கப்பட்டோர் கல்வியைப் பற்றி எழுதியபோது புரோமின் கருத்துகளை எடுத்தாண்டார்.

ஆனால், சட்டம் ஒரு நாளில் மாறலாம். குணவியல்பு மாறத் தலைமுறை செல்லும். 1948இல் குடியுரிமையை இழந்த மக்களின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. தாளில் உரிமை வந்துவிட்டது. கை இன்னும் துண்டைத் தேடுகிறது.

அப்படியாயின் மூத்தோரை மதிக்க வேண்டாமா என்று மாணவர் கேட்கலாம். அதற்கும் புரோமிடம் விடையுண்டு. ஆசிரியர் மாணவனின் உயர்வை நாடுகிறார். மாணவன் கற்கக் கற்க இருவருக்குமிடையே உள்ள தொலைவு குறைகிறது. ஆண்டானோ அடிமையின் உழைப்பை நாடுகிறான்; அங்கே தொலைவு வளர்கிறது. முன்னவருக்குச் செய்வது மரியாதை. பின்னவனுக்குச் செய்வது அச்சம். இரண்டையும் பிரித்தறியப் பழகுவதே கல்வி.

புரோமுக்கு நம் மலைநாட்டுடன் ஓர் உறவும் உண்டு. பிராங்பர்ட்டுக்கு அருகிலுள்ள ஹனாவிற் பிறந்த யூதர் ஒருவர் 1936இல் இலங்கைக்கு வந்து பௌத்த துறவியாகி, பிற்காலத்தில் கண்டியில் வாழ்ந்தார். அவரே ஞானபோனிக தேரர். தன் உடலின் அசைவையும் மனத்தின் எண்ணத்தையும் விழிப்புடன் நோக்கும் பயிற்சியை விளக்கிய அவர்பால், புரோம் பெருமதிப்புக் கொண்டிருந்தார். தானாக எழும் கையைத் தானே கண்டுகொள்வது விடுதலையின் முதற்படியாகும். எனினும் அது முதற்படி மட்டுமே. வாழும் வீடும், பெறும் கூலியும், தொழிலில் தன் கருத்தைச் சொல்லும் உரிமையும் மாறாமல் மனம் மட்டும் முழுதும் மாறிவிடாது என்பதையும் புரோம் வலியுறுத்தினார்.

பஸ் வந்தது. ஏறுமுன், அச்சிறுமி தாத்தாவின் துண்டை வாங்கி உதறி, அவர் தோளிலே மீண்டும் போட்டுவிட்டாள். அவர் மறுக்கவில்லை.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்டால், வாயை மூடு என்று சொல்லிவிடாதீர்கள். நம் தாத்தாக்கள் கேட்க முடியாமற்போன கேள்வியாகவும் அது இருக்கலாம்.