அம்மாவின் உயரம் எங்கே போயிற்று?

குழந்தை வளர்ந்திருக்கிறானா என்று பார்க்க, சுவரோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போடுகிறோம். அதே வீட்டில் ஒருவர் ஓசைப்படாமல் குறைந்துகொண்டே வருகிறாரே, அவரை அளந்து பார்த்ததுண்டா?

எனக்கும் தோன்றவில்லைதான். போன மாதம், "மேல் தட்டிலே இருக்கிற காப்பிப்பொடி டப்பா எட்டவில்லை, எடுத்துக் கொடேன்" என்றாள் அம்மா. வருஷக்கணக்காக அவளே எடுத்து வந்த டப்பா! "வயசானால் கூன் விழாதா?" என்று சிரித்தாள்.

கூன் விழும் இடம் எது தெரியுமா? கழுத்தில் 7, இடுப்பில் 5 முள்ளெலும்புகள். நடுவே முதுகில் 12. இந்தப் பன்னிரண்டிலிருந்துதான் விலா எலும்புகள் ஜோடி ஜோடியாகப் புறப்பட்டு, இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூண்டு கட்டுகின்றன. யாராவது கூப்பிட்டால், உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பிப் பார்க்கிறீர்களே, அது இடுப்பின் வேலை என்று எண்ணாதீர்கள். இடுப்பு முள்ளெலும்புகளின் மூட்டுகள் அதிகம் திரும்ப விடுவதில்லை. அந்த உபகாரம் பெரும்பாலும் நடு முதுகினுடையது.

நடு முதுகு இயற்கையிலேயே சற்றுப் பின்புறம் வளைந்தது. ஆகவே உடம்பின் பாரம் எலும்புகளின் முன்பக்கத்தை அழுத்துகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பு வலுவிழக்கிறது. அப்புறம் குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலே போதும், சிலருக்கு முன்பக்கம் நசுங்கி, முள்ளெலும்பு ஆப்பு வடிவமாகிவிடும். ஆப்புகளை அடுக்கினால் தூண் நேராக நிற்குமா? கூண்டும் குறுகி, மூச்சு முழுதாக விரிய இடமில்லாமல் போகிறது. பலருக்கு வலியே தெரிவதில்லை என்பதுதான் விபரீதம்.

எல்லாக் கூனும் இப்படி வந்ததல்ல. தசை தளர்ந்தும் வரும். ஆனால் இளமையில் இருந்ததைவிட ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தால், டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுப்பதே விவேகம். ஒரு முள்ளெலும்பு நசுங்கினால் இன்னொன்றும் நசுங்கும் அபாயம் அதிகம். அந்த அபாயத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது.

அம்மாவுக்கு இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. "எப்போது விழுந்தீர்கள்?" என்றார் டாக்டர். "நான் விழவே இல்லையே!" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் பேரனின் கோட்டுக்குப் பக்கத்தில் பாட்டியின் கோடும் இருக்கிறது. அவன் கோடு ஏறவேண்டும். அவள் கோடு இறங்காமல் இருக்கவேண்டும். உங்கள் வீட்டில் பென்சில் இருக்கிறதல்லவா?