பெரியவர்கள் கார்ட்டூன் பார்ப்பது வெட்கமா?

"ஏழு கழுதை வயதாகிறது, இன்னும் பொம்மைப் படமா?" தோழியரே, இந்தக் கேள்வியைக் கேட்டிராத வீடு நம்மில் யாருடைய வீடு? பத்தாம் வகுப்பில் காலடி வைத்த நாள் முதல் நம் காதில் இது விழுந்துகொண்டே இருக்கிறது. நமக்கு மட்டுமா? அலுவலகம் செல்லும் தந்தையரும், பேரன் பேத்தி எடுத்த தாத்தாக்களும்கூட இக்கேள்விக்கு அஞ்சியே வாழ்கிறார்கள். கார்ட்டூன் என்பது சிறு பிள்ளைகளின் சொத்து என்றும், மீசை முளைத்தவரும் சேலை கட்டியவரும் அதைத் தொட்டால் வெட்கக்கேடு என்றும் யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டம் சரிதானா என்று சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் மாலை நேரத்தில் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் தம் கைப்பேசியில் அரசியல் சண்டையைப் பெட்டி முழுவதும் கேட்குமாறு வைத்திருப்பார். மற்றொருவர் ஓயாமல் அடிதடிப் படம் பார்ப்பார். அவர்களுக்குக் கூச்சமே இல்லை. ஆனால் 'டாம் அண்டு ஜெர்ரி' பார்த்துத் தமக்குள் சிரிக்கும் ஒருவர், பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்ததும் கைப்பேசியை மார்போடு சாய்த்துக்கொள்கிறார். பிறருக்குத் தொல்லை தருபவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, யாருக்கும் தீங்கு செய்யாதவர் குனிந்துகொள்வது விந்தையல்லவா?

முதலாவதாக ஒன்றை நினைவில் கொள்வோம். கார்ட்டூன்களை உருவாக்கியவர்கள் குழந்தைகள் அல்லர். டாம் என்னும் பூனையையும் ஜெர்ரி என்னும் எலியையும் 1940இல் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர். அவர்கள் அப்போது முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவர்கள். அந்தப் படங்கள் முதலில் ஓடியது திரையரங்குகளில். குடும்பத்தோடு வந்த பெரியவர்களும் சேர்ந்தே சிரித்தார்கள். அவை ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றன. திரையில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. அப்படியானால் ஏழு நிமிடப் படத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் வேண்டும். ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் ஐயாயிரம் ஓவியங்கள்! இத்தனை உழைப்பைக் கண்டு ரசிப்பது எப்படி இழிவாகும்?

வெளிநாடு வரை போவானேன்? நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழை நம் தாத்தா பாட்டியர் மறந்திருக்க மாட்டார்கள். உருவிய வாளுடன், தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். 1924இல் பிறந்த அவர், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவ்விதழுக்குப் படம் வரைந்து, 2020இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார். மறுஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. முதுமையிலும் குழந்தைகளுக்காகத் தூரிகை பிடித்த அவரை நாடே போற்றியது. வரைந்தவருக்கு விருது, பார்ப்பவருக்கு வெட்கம் என்பது என்ன நியாயம்?

சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கியது 'முத்து காமிக்ஸ்'. அதன் முதல் கதாநாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மாயாவி, இங்கிலாந்தில் பிறந்து தமிழ் பேசியவன். அதே குடும்பத்திலிருந்து 1984இல் 'லயன் காமிக்ஸ்' வந்தது. 1972இல் பத்து வயதுச் சிறுவனாக மாயாவியைப் படித்தவருக்கு இன்று அறுபது வயதைத் தாண்டிவிட்டது. இப்போதும் அந்தச் சித்திரக்கதைகளைத் தேடி வாங்குபவர்களில் பெரும்பாலோர் நரை கண்டவர்களே. அவர்கள் வேலை பார்த்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், கடன் அடைத்தார்கள். படக்கதை அவர்கள் பொறுப்பைக் கெடுத்துவிடவில்லையே!

மேலும், கேலிச்சித்திரம் நம் நாட்டில் பெரியவர்களுக்காகவே வேரூன்றியது. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் மகாகவி பாரதியார் கருத்துப் படங்களை வெளியிட்டு அன்னிய ஆட்சியைச் சாடினார். கார்ட்டூன் ஓவியர் சங்கர் (இவர் கேரளத்துச் சங்கர்; முன்னே சொன்னவர் வேறு) டில்லியில் நடத்திய 'சங்கர்ஸ் வீக்லி' இதழை 1948இல் தொடங்கி வைத்தவர் பிரதமர் நேரு. அந்த நேருவையே சங்கர் ஓயாமல் கேலி செய்து வரைந்தார். அதே சங்கர்தான் 1957இல் குழந்தைகளுக்கான புத்தக அறக்கட்டளையையும் நிறுவினார். பிரதமருக்கும் பாலர்களுக்கும் ஒரே தூரிகை போதுமானதாக இருந்தது. நாம்தான் நடுவில் சுவர் எழுப்புகிறோம்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. "காலத்தை வீணாக்கலாமா?" என்பர் சிலர். அடுப்பில் சோறு தீய்ந்து போகும் வரை பார்த்தால் அது தவறுதான். தேர்வு நெருங்கும்போது புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்தாலும் தவறுதான். ஆனால் அந்தத் தவறு கிரிக்கெட்டுக்கும் உண்டு, தொடர் நாடகத்துக்கும் உண்டு, வீண் வம்புக்கும் உண்டு. கார்ட்டூனுக்கு மட்டும் தனித் தண்டனை எதற்கு? எல்லாக் கார்ட்டூனும் நல்லவை என்றும் நான் வாதிட மாட்டேன். அடிப்பதையும் உடைப்பதையும் தவிர வேறொன்றும் காட்டாதவை உண்டு; சிறுவர் பார்க்கத் தகாதவையும் உண்டு. ஆகவே, பார்ப்பவரின் வயதைக் கேட்பதை விட்டுவிட்டு, பார்க்கும் படத்தின் தரத்தைக் கேட்போம்.

இங்கே மாணவியாகிய நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. தந்தை கார்ட்டூன் பார்த்துச் சிரித்தால், "அவருக்குக் குழந்தை மனசு" என்று வீடே பாராட்டுகிறது. தாய் அதையே பார்த்தால், "வேறு வேலை இல்லையா?" என்று கேட்கிறது. அதனால்தான் நம் அன்னையர் பலர் காய் நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, ஓரக்கண்ணால் தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள். சிரிப்பு வந்தாலும் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். தம்பி தங்கைகளுக்காகப் போட்ட கார்ட்டூன் என்று சாக்குச் சொல்கிறார்கள். அரைமணி நேரம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சிரிக்கும் உரிமை தாய்க்குக் கிடையாதா? பெண்ணுக்கு வயது வந்துவிட்டால் விளையாட்டும் சிரிப்பும் போய்விட வேண்டும் என்ற பழைய எண்ணமே இதன் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளை நாமும் அந்த இடத்தில் நிற்கப் போகிறவர்கள். ஆகவே இது வெறும் பொம்மைப் படத்தைப் பற்றிய பேச்சு அன்று.

பெரியவர்கள் ஒளித்து ஒளித்துச் சிரிப்பதைப் பார்க்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? வளர்வது என்றால் மகிழ்ச்சியை ஒவ்வொன்றாகக் கைவிடுவது என்றல்லவா கற்றுக்கொள்ளும்! அப்படி ஒரு பாடம் எந்த வகுப்பிலும் வேண்டாம். வளர்ச்சி என்பது பொறுப்புகள் கூடுவது; சிரிப்பு குறைவது அன்று. பிறர் துன்பத்தைக் கண்டு சிரிப்பதற்கும், பொய் சொல்வதற்கும், கடமையைத் தட்டிக் கழிப்பதற்கும் வெட்கப்படுவோம். ஒரு பூனை சுவரில் மோதித் தட்டையாவதைக் கண்டு சிரிக்க வெட்கம் வேண்டாம்.

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது நம் முன்னோர் வாக்கு. அதில் வயது வரம்பு எதுவும் இல்லை. எனவே, பெற்றோர்களே, எங்களோடு வெளிப்படையாக உட்கார்ந்து பாருங்கள். நல்லது எது, கெட்டது எது என்று அப்போதே எங்களுக்குச் சொல்லித் தரலாம். தோழியரே, இன்று மாலை வீட்டுப்பாடம் முடிந்ததும் அம்மாவின் கையிலுள்ள அரிவாள்மணையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் அவர் நிம்மதியாகச் சிரிக்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி