பாட்டு யாருக்குச் சொந்தம்?

பிறர் பாடிய பாட்டை எடுத்துப் பாடினால், சொந்தச் சரக்கு இல்லை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது அந்நிய பாஷைப் பாட்டாகவும் இருந்துவிட்டால், பண்பாடு கெட்டது என்ற கூக்குரலும் சேர்ந்து கொள்கிறது. இந்த இரண்டு பழிகளையும் சுமந்தபடி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் நின்றவர் உஷா உதுப். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மலையாளியை மணந்து, கேரளத்தின் மருமகளானவர். இங்கு பிழைக்க வந்த தமிழர்கள் அவர் கதையை அறிந்திருப்பது நல்லது.

1947-ல் பம்பாயில் பிறந்தார். தந்தை போலீஸ் அதிகாரி. குரல் கனமானது, பாட்டுக்கு ஒத்து வராது என்று பள்ளியில் இசை வகுப்பிலிருந்து ஒதுக்கப்பட்டவர். அதே குரலோடு 1969-ல் சென்னை மவுண்ட் ரோடில், சபையர் தியேட்டர் கட்டடத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் மேடை ஏறினார். புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடினார். பிறகு கல்கத்தாவில் பார்க் தெருவிலுள்ள 'டிரிங்காஸ்' விடுதி அவரை அழைத்துக் கொண்டது.

அவருடைய தொடக்க கால இசைத்தட்டுகளில் இடம் பெற்ற 'ஜம்பலாயா', அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1952-ல் பாடியது. இரவல்தான். ஆனால் ஜாஸ் உலகில் இரவல் இழுக்கல்ல. அங்கே 'ஸ்டாண்டர்டு' என்று சில பாட்டுக்கள் உண்டு. எல்லாரும் அவற்றைப் பாடுவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பாடுவார்கள். உஷா மேடையில் பாடும் 'ஃபீவர்' பாட்டை 1956-ல் லிட்டில் வில்லி ஜான் என்ற கறுப்பினப் பாடகர் பாடினார். 1958-ல் பெக்கி லீ வாத்தியங்களைக் குறைத்து, பேஸ், டிரம், விரல் சொடுக்கு ஆகியவற்றோடு பாடினார். இன்று உலகம் அதிகம் நினைவில் வைத்திருப்பது இரண்டாவது பாட்டைத்தான்.

நமக்கு இது புதிய செய்தியல்ல. தியாகராஜரின் ஒரே கீர்த்தனையை நூறு வித்துவான்கள் பாடுகிறார்கள். எவரையும் நாம் இரவல்காரர் என்பதில்லை. இந்தத் திருவனந்தபுரத்திலேயே சுவாதித் திருநாள் கீர்த்தனைகள் பலவற்றுக்கு மெட்டமைத்துப் பரப்பியவர்கள் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச அய்யரும். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மலையாள நாட்டு மன்னரின் பாட்டு, வந்தேறிய தமிழர்களின் கையில் மறுவாழ்வு பெற்றது. அதனால் மன்னருக்கும் குறைவில்லை, கேரளத்துக்கும் குறைவில்லை.

எடுத்துப் பாடுவதெல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. முதலில் பாடியவரை அப்படியே நகல் எடுப்பதில் யாருக்கும் பயனில்லை. பாடுகிறவர் தம்முடையது என்று எதைச் சேர்த்தார் என்பதே கேள்வி. உஷா சேர்த்தது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்ற அந்தக் குரலைத்தான்.

1983-ல் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷாவின் பாட்டு பண்பாட்டைச் சீரழிக்கிறது என்று கூறி, கல்கத்தா மகாஜாதி சதன் அரங்கில் அவர் பாடுவதற்குத் தடை போட்டார். உஷா ஹைகோர்ட்டுக்குப் போனார், வென்றார். 2011-ல் பத்மஸ்ரீயும், 2024-ல் பத்மபூஷணும் அவரைத் தேடி வந்தன. பண்பாட்டைக் காப்பதாகச் சொல்கிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதில் நம்மவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். சாலைக் கடைத் தெருவிலும் கரமனையிலும் வாழும் தமிழ்த் தொழிலாளர், குமாஸ்தாக்களின் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள். ஓணம் விழாவில் பாடப் போனால், நாக்கில் தமிழ் வாடை அடிக்கிறது என்று 'பாண்டி' என்ற கேலி எழுகிறது. வீட்டுக்கு வந்தால், அவர்கள் பாட்டு உனக்கு எதற்கு என்று பெரியவர்கள் அதட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கிய குழந்தை வாயை மூடிக் கொள்கிறது. இது சிறிய நஷ்டம் அல்ல.

'என்டெ கேரளம்' என்று உஷா பாடிய மலையாளப் பாட்டு இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். அவருடைய உச்சரிப்பு கோட்டயத்து உச்சரிப்பு அல்ல; ஆனாலும் பாட்டு நிலைத்துவிட்டது. வந்த ஊரின் பாட்டைத் தன் குரலில் பாடுகிறவன் தன் தாய்மொழியை இழப்பதில்லை. அந்த ஊரில் தனக்கு ஓர் இடம் சம்பாதித்துக் கொள்கிறான். பிள்ளைகளைத் தடுக்காமல் பாட விடுங்கள். கேலி செய்கிறவர்கள் நாளைக்குத் தாங்களே அந்தப் பாட்டை முணுமுணுப்பார்கள்.