விடியும்வரை கூத்து: எங்கள் நிலைப்பாடு

செவிலிமேட்டில் பாலாற்றைக் கடந்து செய்யாறு, வந்தவாசி, ஆரணி என்று போனால், திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் கோடையில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். தெருக்கூத்து என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும் கட்டைக்கூத்தின் வீடு இதுதான். அந்தக் கலையைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதைப் பாதுகாப்பது என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. விடிய விடிய நடக்கும் முழு இரவுக் கூத்தைத்தான் பாதுகாக்க வேண்டும், பொதுப்பணமும் முதலில் அதற்கே போக வேண்டும் என்பது செவிலிமேட்டில் இயங்கும் எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு. விழா மேடைகளில் அரை மணி நேரம் ஆடவைப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்வதைத்தான் எதிர்க்கிறோம்.

காரணம் கலையின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. களரி கட்டி, கட்டியங்காரன் வந்து ஊரையும் கதையையும் அறிமுகப்படுத்தி முடிக்கவே வெகுநேரம் ஆகும். பிறகு கிரீடமும் புஜக்கட்டையும் பூண்ட வேடம் திரைக்குப் பின்னால் நின்றபடி பாடும். திரை விலகிய பின் சுற்றிச் சுழன்று தன்னை நிலைநாட்டிக்கொள்ளும். ஒரு வேடத்தின் வருகையே, மேடை விழாவில் ஒரு குழுவுக்குக் கொடுக்கும் மொத்த நேரத்தைத் தின்றுவிடும். கர்ண மோட்சத்தில் கர்ணனும் பொன்னுருவியும் தர்க்கம் செய்யும் இடம் ஊருக்கு ஊர் நீளும், குறுகும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் கலைஞர் அதை அளக்கிறார். இளையவர்கள் தொழில் கற்பதும் அந்த இரவில்தான். முதலில் பின்பாட்டு, பிறகு சின்ன வேடம், வாத்தியார் அசந்த நேரத்தில் பெரிய வேடத்தில் ஒரு பாட்டு. இரவு போய்விட்டால் வாய்ப்பாட்டும் அடவும் மிஞ்சலாம். அவற்றை ஒரு நாடகமாகக் கோக்கும் அறிவு மிஞ்சாது.

இங்கிலாந்தின் அனுபவம் இதற்குப் பயனுள்ள சான்று. 1899 டிசம்பரில் ஹெடிங்டன் குவாரி என்ற சிற்றூரின் மாரிஸ் ஆட்டக்காரர்களைப் பார்த்த செசில் ஷார்ப் என்ற இசையாசிரியர், 1903 முதல் சாமர்செட் கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கத் தொடங்கினார். இறப்பதற்குள் அவர் குறித்துவைத்தவை கிட்டத்தட்ட 5,000. 1911இல் நாட்டுப்புற நடனச் சங்கமும் கண்டார். அவர் இல்லாவிட்டால் அந்த மெட்டுகளில் பல காற்றோடு போயிருக்கும்; அந்த நன்றியை மறுப்பது அநியாயம். ஆனால் கூலிவேலை செய்தவர்கள் துணைக்கருவி இல்லாமல் பாடிய பாட்டு, பியானோ சேர்த்துப் பள்ளிப் பாடமாகி, நகரத்து நடுத்தர வர்க்கத்தின் சொத்தானது. ஆட்டத்தின் கதை கொஞ்சம் வேறு. பாம்ப்டன் போன்ற சில ஊர்களில் இன்றும் வசந்த விடுமுறை நாளில் ஊர்க்குழுவே வீதிகளில் ஆடுகிறது. ஏட்டில் ஏறிய பாட்டைவிட, ஊரின் நாட்காட்டியில் இடம்பிடித்த ஆட்டமே தன் ஊரில் தங்கியது.

நள்ளிரவுக்குமேல் கூட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். குறைந்திருப்பது உண்மை. ஆனால் கூத்து எந்தக் காலத்திலும் இமைக்காமல் பார்க்கும் கலை அல்ல. தூங்கி, விழித்து, டீ குடித்துவிட்டு வந்து, துகிலுரியும் நேரத்துக்குச் சரியாக எழுந்து உட்காருவதுதான் ஊர் வழக்கம். பழமையை அப்படியே உறையவைக்கப் பார்க்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. முழு இரவைக் கேட்பது மாற்றத்தை மறுப்பது ஆகாது. 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த பெ. ராஜகோபால், பரம்பரைக் கலைஞர். அவரும் கூத்து ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும் 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்களே ஆடிவந்த கலையில் பெண்பிள்ளைகள் வேடம் கட்டி முழு இரவும் ஆடினார்கள். இதைவிடப் பெரிய மாற்றம் வேறென்ன வேண்டும்? அந்தக் குருகுலம் இப்போது இல்லை. அதன் இடத்தை நிரப்ப அரசிடம் திட்டமும் இல்லை என்பதே எங்கள் குறை.

சட்டத்தின் தடை தனியாகப் பேச வேண்டியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை மட்டுமல்ல, இசைக்கருவிகளையும் தடுக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும் என்பதை நாங்கள் ஏற்கிறோம். பனைமரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை ஊர்கள் கைவிட வேண்டும் என்றும் சொல்கிறோம். முகவீணையின் கீச்சுக்குரலும் கலைஞரின் உச்சஸ்தாயியும் மைக் வருவதற்கு முன்பே உருவானவை. பன்னிரண்டு மணிக்குமேல் மைக் இல்லாமல் கூத்தைத் தொடர ஒன்றிய அரசு விதியில் வழிசெய்ய வேண்டும்.

மாநிலக் கலை பண்பாட்டுத் துறை, விழா மேடைகளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பாரதம் வைக்கும் ஊர்களுக்கு, முழு இரவுக் கூத்துக்கான செலவில் பாதியாகத் தரவேண்டும். மறுபாதியை ஊரே வரி போட்டுத் தரட்டும், அப்போதுதான் கூத்து ஊருடையதாக இருக்கும். காஞ்சிபுரத்தில் உறைவிடப் பயிற்சிப் பள்ளி ஒன்று மீண்டும் தொடங்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: இந்த ஆண்டு பாரதத்துக்கு ஓர் இரவாவது இன்னிசைக் கச்சேரியை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் கூத்துக்கு முன்பணம் கொடுங்கள்.