கவரில் எழுத முடியாத காரணம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டர் ஐயா காணிக்கைக் கவர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். வீடு கட்டி முடித்ததற்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, பேரன் பிளஸ் டூ பாஸானதற்காக... நடுவில், "அமெரிக்கா செல்ல மறுபடியும் விசா கிடைத்த கிருபைக்காக ஸ்தோத்திரக் காணிக்கை ஆயிரம் ரூபாய்" என்று என் பெயர். பெண்கள் பக்கத்தில் பத்துத் தலைகள் திரும்பின. "கொடுத்து வச்சவ" என்று பின்வரிசையில் ஒரு பெருமூச்சு.

எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. கவரைப் போட்டது நான் இல்லை, என் மாமியார். தொண்ணூறு வயதில் படுக்கையில் கிடந்தாலும் காணிக்கையில் குறை வைக்க மாட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றுதான் எங்கள் வீட்டு சார் பாளையங்கோட்டையில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றுதான் நான் நியூஜெர்சியில் இருக்கிற மகள் வீட்டுக்கு ஓடுகிறேன். முதல் தடவை மட்டும் ஜோடியாகப் போனோம். அதற்கப்புறம் நான்கு தடவை, தடவைக்கு ஐந்தரை மாசம். கூட்டினால் இருபத்திரண்டு மாசம். எங்கள் சபையில் வேறொரு பெண் புருஷனை விட்டு இருபத்திரண்டு மாசம் தனியாக இருந்திருந்தால் கமிட்டியே கூடியிருக்கும். எனக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார்கள்.

எங்கள் கல்யாணம் 1989இல் எங்கள் ஊர் ஊசிக்கோபுர ஆலயத்தில் நடந்தது. மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. சாகிற வரைக்கும் சேர்ந்திருப்போம் என்று சத்தமாகத்தான் வாக்குக் கொடுத்தோம். அதில் விசிட்டர் விசாவுக்கு விதிவிலக்கு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 1826இல் அந்த ஆலயத்தைக் கட்டிய ரேனியஸ் ஐயர் ஜெர்மானியர். 1814இல் கப்பலேறி வந்தவர், 1838இல் இதே ஊரில் கண்ணை மூடினார். வந்தார், இருந்தார், மண்ணோடு மண்ணானார். அது ஒரு கணக்கு. எங்களைப் போல பாதி அங்கே பாதி இங்கே என்றால், அங்கே விருந்தாளி, இங்கேயும் விருந்தாளி. அங்குள்ள தமிழ்ச் சபையில் கைகுலுக்கியதும் கேட்பது, "எப்போ திரும்புறீங்க ஆன்ட்டி?" இங்கே வந்தால், "எப்போ மறுபடி கிளம்புறீங்க டீச்சர்?" இருக்கிறாயா என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

மகளைக் குறை சொல்லவில்லை. நம் நாட்டில் 2017 முதல் பிரசவ விடுப்பு 26 வாரம், சம்பளத்தோடு. அமெரிக்காவில் 1993இல் வந்த மத்திய சட்டம் கொடுப்பது சம்பளமில்லாத 12 வாரம். அதுவும் எல்லோருக்கும் இல்லை. அந்தப் பணக்கார தேசத்தின் ஓட்டையை அடைக்க, முட்டிவலியோடு பாட்டிமார்கள் பிளேன் ஏறுகிறோம். நாங்கள் போகாமல் யார் போவார்கள்?

பாஸ்டர் ஐயாவிடம் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நகோமியை நினைச்சுக்கோங்கம்மா. பிள்ளையை மடியில வச்சு வளர்த்தாளே" என்றார். நினைத்துக்கொண்டேன். வேதாகமத்தில் வரும் நகோமி விதவை, வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க ஆளில்லை. அதோடு, அவள் பிள்ளை வளர்த்தது சொந்த ஊரான பெத்லகேமில். மோவாபுக்கு ஐந்தரை மாசம் போய் அல்ல. பவுலும் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் ஏழாம் அதிகாரத்தில் புருஷனும் மனைவியும் பிரிந்திருக்க ஒரு சலுகை தருகிறார்: இருவரும் சம்மதித்து, ஜெபத்துக்காக, கொஞ்ச காலம். டயப்பர் மாற்றுவதற்கு என்று அவர் எழுதவில்லை.

ஜெபம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களிடம் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றுதான். ராத்திரி ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது முப்பத்தைந்து வருடப் பழக்கம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கினால் இருபத்திநாலரைக் கிலோ. அனுமதி இருபத்திமூன்று. மகளுக்கு உடன்குடிக் கருப்பட்டி, மருமகனுக்கு முறுக்கு, பேத்திக்குக் கவுன், எனக்கென்று இந்த ஒரு வேதாகமம். சார் தராசைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, கருப்பட்டியக் கொஞ்சம் எடு" என்கிறார். கருப்பட்டியை எடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? வேதாகமத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "போன்ல இருக்கு, அதுல பாத்துக்கறேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தார்.

அங்கே போனதும் வீடியோவில் குடும்ப ஜெபம். பாளையங்கோட்டையில் காலை ஆறு, நியூஜெர்சியில் முந்தின நாள் ராத்திரி எட்டரை. குழந்தை தூங்கியிருக்கும், நல்ல நேரம். நவம்பர் முதல் ஞாயிறு வந்ததா, அந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார்கள். அதே ஆறு மணி இப்போது அங்கே ஏழரை. குழந்தை சோற்றைத் துப்பும் நேரம். இவர் சங்கீதம் வாசிக்கிறார், நான் ஒரு கையில் கரண்டியோடு "ம்... ம்..." என்கிறேன். பாதி வசனத்தில் படம் உறைந்துபோகும். வாய் திறந்தபடி நிற்பார். மிச்ச வசனத்தை நானே மனப்பாடமாகச் சொல்லி, நானே ஆமென் போட்டுவிடுவேன்.

பிரிந்திருப்பதுகூடப் பழகிவிடும். திரும்பி வந்து சேர்ந்திருக்கப் பழகுவதுதான் பெரிய பாடு. அடுக்களையில் உப்பு ஜாடி இடம் மாறியிருக்கிறது. சார் காப்பியில் சீனியை நிறுத்திவிட்டார், எனக்குத் தெரியாது. டாக்டர் சர்க்கரை என்று சொன்னதும் எனக்குத் தெரியாது. "அவ்வளவு தூரத்துல இருக்க உன்ட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் என் புருஷனுக்குச் சர்க்கரை என்று பால்காரருக்குத் தெரிந்து, எனக்குத் தெரியாமல் நான்கு மாசம் ஓடியிருக்கிறது. ஒருவர் குறட்டை ஒருவருக்குப் பழக ஒரு மாசம், ஒருவர் சுருக்கென்று பேசுவது ஒருவருக்குப் பழக இரண்டு மாசம். அதற்குள் மகள் போன் பண்ணுவாள்: "அம்மா, ஏப்ரல்ல டிக்கெட் மலிவா இருக்கு."

இதை வெளியே சொன்னால் நன்றிகெட்டவள் என்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பது ஆசீர்வாதம், ஆசீர்வாதத்தைப் பற்றிப் புலம்பக் கூடாதாம். ஏன் கூடாது? வேதத்தில் புலம்பல் என்று ஐந்து அதிகாரத்தில் ஒரு புத்தகமே இருக்கிறது. அதைப் பிரசங்க பீடத்தில் திறப்பவர்தான் இல்லை.

போன மாசம் நானே ஒரு கவர் போட்டேன். காரணம் என்ற இடத்தில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாக எழுதினேன்: "நாங்கள் சேர்ந்திருந்த ஆறு மாதங்களுக்காக." ஞாயிற்றுக்கிழமை ஐயா கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "அமெரிக்காவில் பிள்ளைகளோடு சேர்ந்திருந்த ஆறு மாதங்களுக்காக" என்று வாசித்தார். பத்துத் தலைகள் திரும்பிச் சிரித்தன.

ஆண்கள் பக்கத்திலிருந்து சார் ஒருவர்தான் சிரிக்காமல் பார்த்தார்.