தகடுகளின் சாட்சியம் சந்தைக்குப் போகலாகாது

முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் 29ஆம் திகதி குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக நிலம் தோண்டப்பட்டபோது மனித எலும்புகளும் சீருடைத் துணிகளும் வெளிப்பட்டன. நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் மூன்று கட்டங்களாக நடைபெற்ற அகழ்வு 2024 ஜூலையில் நிறைவடைந்தபோது 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் உறுப்பினர்கள் அணிந்திருந்த இலக்கத் தகடுகளும் அவற்றுடன் கிடைத்தன. அந்தச் சடலங்கள் 1994க்கும் 1996க்கும் இடைப்பட்ட காலத்தில் புதைக்கப்பட்டவை என்று அகழ்வுக் குழுவின் இடைக்கால அறிக்கை மதிப்பிட்டது. எலும்பு வயதைச் சொல்லலாம். ஆனால் அது யாருடைய பிள்ளை என்பதைச் சொல்லக்கூடியது, பல சந்தர்ப்பங்களில், அந்தச் சிறு தகடு ஒன்றேயாகும்.

பதக்கங்கள், தொப்பி இலச்சினைகள், தோள்பட்டைச் சின்னங்கள், கழுத்துத் தகடுகள் ஆகியவற்றைச் சேகரிப்பதும் இனங்காண்பதும் உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காகவும் வணிகமாகவும் வளர்ந்திருக்கின்றன. அமைதியில் வாழும் நாடுகளில் இதனைப் பெரும் விடயமாகக் கொள்ளத் தேவையில்லை. முப்பது ஆண்டுகள் யுத்தம் நடந்த எமது மண்ணிலோ நிலைமை முற்றிலும் வேறானது. இங்கே மண்ணிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு உலோகத் துண்டும் காணாமலாக்கப்பட்ட ஒருவரின் கடைசி அடையாளமாக இருக்கக்கூடும் என்பதை நாம் முதலில் மனதிற்கொள்ள வேண்டும்.

ஊர்காவற்றுறையிலிருந்து படகில் மட்டுமே சென்றடையக்கூடிய எழுவைதீவை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத் தீவகத்தின் மிகச் சிறிய குடியிருப்புகளில் ஒன்று அது. 1990களின் தொடக்கத்தில் தீவகம் அரச படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததன் பின்னர் தீவக மக்களில் பெரும் பகுதியினர் சிதறிப்போயினர். அவர்களின் பிள்ளைகள் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒருவர் பாழடைந்த வளவைத் துப்புரவாக்கும்போது, அல்லது தூர்ந்த கிணற்றை இறைக்கும்போது, எழுத்துப் பொறித்த ஒரு தகடு மண்வெட்டியில் தட்டுப்படுமானால் அவர் என்ன செய்வார்? பயந்தவர் கடலில் வீசுவார். ஆர்வமுள்ளவர் பயணப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வார். பணத் தேவையுள்ளவர் விற்பார். இம்மூன்றில் எது நடந்தாலும் விளைவு ஒன்றே. ஒரு தாயின் கேள்விக்குரிய பதில் இல்லாமற் போகின்றது.

இது வெறும் கற்பனையான அச்சம் அல்ல. 1990 ஓகஸ்ட்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளில் கைதுசெய்யப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் பலர் திரும்பவே இல்லை. அதற்கு முன்னர், 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிச் சென்ற குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். வந்தவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியவர்கள் கூறினர். எவரும் தண்டிக்கப்படவில்லை. சீருடைக்குள் இருந்தவர் யார், எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது நிறுவப்படாதபோது குற்றமும் அநாதையாகிவிடுகின்றது. சின்னங்களைப் பற்றிய அறிவு நீதியோடு எவ்வளவு நெருங்கியது என்பதை இதிலிருந்தே உணர்ந்துகொள்ளலாம்.

சேகரிப்பாளர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. முதலாம் உலக யுத்தத்திற்காக வழங்கப்பட்ட பிரித்தானிய யுத்தப் பதக்கம் வெள்ளியால் ஆனது. அதன் விளிம்பில் பெற்றவரின் இலக்கம், பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பைத் தேய்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது ஒரு மனிதரின் வாழ்க்கையைத் திறந்துவிடும். இரண்டாம் உலக யுத்தத்திற்காகப் பிரித்தானியா வழங்கிய நட்சத்திரங்களிலும் பதக்கங்களிலும் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படவில்லை. அவை குடும்பத்தின் பெட்டியை விட்டு வெளியேறிய கணமே யாருடையவை என்று சொல்ல வழியற்ற உலோகமாகிவிடுகின்றன. மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய யாழ்ப்பாணத்தவர் வீடுகளிலும், 1873இல் கலைக்கப்பட்ட இலங்கை ரைஃபிள் படைப்பிரிவில் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றிய மலே முஸ்லிம்களின் குடும்பங்களிலும் இத்தகைய பொருட்கள் இருந்திருக்கும். வெள்ளி என்பதற்காகப் பட்டறையில் உருக்கப்பட்டவை எத்தனையோ!

பதக்கத்திற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1987 நவம்பர் 25ஆம் திகதி கந்தரோடையில் உயிரிழந்த தமிழரான மேஜர் இராமசாமி பரமேஸ்வரனுக்கு இந்தியாவின் அதியுயர் வீரப் பதக்கமான பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதே இந்தியப் படையினர் அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் நோயாளரையும் வைத்தியர்களையும் தாதியரையும் கொன்றனர். 1987ஆம் ஆண்டின் வடமராட்சி நடவடிக்கைக்கும் 1995ஆம் ஆண்டின் ரிவிரச நடவடிக்கைக்கும் இலங்கைப் படையினருக்குத் தனித்தனிப் பதக்கங்கள் உள்ளன. ரிவிரச என்ற சொல்லைக் கேட்டதும் எமது மக்களுக்கு நினைவுக்கு வருவது 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தை நெருக்கியடித்துக் கடந்த இலட்சக்கணக்கான மக்களின் இடப்பெயர்வேயாகும். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வீட்டையும் நகையையும் ஆவணங்களையும் விட்டுச் சென்ற அவர்களின் கையில் அடையாளம் என்று காட்ட எதுவும் எஞ்சவில்லை. ஒரே திகதியில் துரத்தப்பட்ட இரு சமூகங்களுக்கும் எவரும் பதக்கம் அடிக்கவில்லை. ஆகவே, பதக்கங்களை மட்டும் சேகரித்து வரலாறு எழுதப்படுமானால் அது வென்றவர்களின் வரலாறாகவே இருக்கும்.

குடிமக்களிடம் தகடு இருப்பதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. 1990 ஜூலை 12ஆம் திகதி குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்ட காத்தான்குடி முஸ்லிம்களின் உறவினர்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்பது, அடையாளம் கண்டு மார்க்க முறைப்படி அடக்கம் செய்வதற்கு உடல்களைத் தாருங்கள் என்பதையே. 2014இல் நீதிமன்றத்தின் முன் வந்தும் அகழ்வு நடைபெறவில்லை. 2025இல் அவ்விவகாரம் மீண்டும் நீதிமன்றத்திற்கு வந்தது. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 செப்டெம்பர் ஆரம்பம் வரை ஏறத்தாழ 240 மனித எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அங்கே ஒரு சிறு பிள்ளையின் எச்சங்களோடு கிடைத்தவை நீலநிறப் பாடசாலைப் பையும் ஒரு பொம்மையும் ஆகும். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி நீதிமன்ற உத்தரவின்படி அங்கு மீட்கப்பட்ட பொருட்கள் பொதுமக்கள் இனங்காண்பதற்காகக் காட்சிப்படுத்தப்பட்டன. காப்பு, செருப்பு, சட்டைத் துணி ஆகியவையே அங்கு பதக்கங்களின் இடத்தில் இருந்தன.

தென்னிலங்கைத் தாய்மாரின் நிலையும் இதுவேயாகும். 1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைமுகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் உயிரிழந்தனர். அவர்களில் பலரது உடல்கள் பெற்றோரைச் சென்றடையவில்லை. இறந்த படையினனின் இரட்டைத் தகட்டில் ஒரு பாதியை உடலோடு விட்டு மறுபாதியை அவன் தரப்பினருக்கு அனுப்ப வேண்டும் என 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா சமவாயத்தின் 16ஆம், 17ஆம் உறுப்புரைகள் விதிக்கின்றன. நாடுகளுக்கிடையிலான யுத்தத்திற்கென எழுதப்பட்ட விதி எனினும், அதன் உட்கிடை எந்த யுத்தத்திற்கும் பொருந்துவதேயாகும். உடலும் பெயரும் பிரிக்கப்படலாகாது என்பதே அது.

இன்று இதற்குத் தடையாக நிற்பவை இரண்டு. முதலாவது அச்சம். விடுதலைப் புலிகளின் சின்னங்களையும் படங்களையும் சமூக வலைத்தளங்களில் பகிர்ந்தமைக்காக 2024 நவம்பரிலும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுகள் இடம்பெற்றன. இறந்த மகனின் தகட்டைப் பெட்டியடியில் வைத்திருக்கும் தாய், அதனை அதிகாரியிடம் காட்டினால் தனக்கு என்ன நேரும் என்று அஞ்சுவதில் நியாயம் உண்டு. இரண்டாவது சந்தை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைக் கருத்திற்கொண்டே வகுக்கப்பட்டது. அண்மைக்கால யுத்தத்தின் பொருட்களைக் காப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. வாங்குபவர் இருக்கும்வரை தோண்டுபவரும் இருப்பார். கிடந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தகடு, எந்த எலும்போடு கிடந்தது என்பதைப் பின்னர் ஒருபோதும் சொல்லாது.

எனவே சில நடவடிக்கைகள் உடனடியாக மேற்கொள்ளப்படுதல் வேண்டும். இறந்தோரினதும் காணாமலாக்கப்பட்டோரினதும் அடையாளப் பொருளை வைத்திருப்பதோ ஒப்படைப்பதோ குற்றமாகாது என்பது சட்டத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், தகட்டிலக்கங்களையும் பொருட்களையும் படத்துடன் பதிவுசெய்து உறவினர் பார்வைக்கு வைக்க வேண்டும். யுத்தத்தின் முடிவில் கைப்பற்றப்பட்ட இயக்கப் பதிவேடுகள் அரசிடம் எஞ்சியிருப்பின் அவை நீதிமன்றங்களுக்குக் கையளிக்கப்பட வேண்டும். பதிவேடு இல்லாத இலக்கம் எண்ணாகவே கிடக்கும். படையினரின் பதிவுகளுக்கும் இதே நியதி பொருந்தும்.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. வளவிலோ கரையிலோ இத்தகைய பொருள் தென்பட்டால் அதனைக் கழுவாது, பெயர்க்காது, கிடந்தபடியே படமெடுத்து, கிராம அலுவலர், மதத் தலைவர், சட்டத்தரணி போன்ற நம்பிக்கைக்குரிய ஒருவரின் முன்னிலையில் நீதிமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளிலுள்ள எமது சேகரிப்பாளர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான். வட, கிழக்கு மண்ணிலிருந்து வந்த தகடு ஒன்று விலைக்கு வருமானால், அதனை வாங்கி அலுமாரியில் வைப்பதற்கு முன்னர் அதன் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எழுவைதீவின் கரையில் ஒதுங்கும் ஒரு துண்டுத் தகடு தமிழருடையதாகவோ முஸ்லிமுடையதாகவோ சிங்களவருடையதாகவோ இருக்கலாம். எவருடையதாயினும் அதற்கு உரிமையுள்ளவர்கள் எங்கோ ஒரு வீட்டில் காத்திருக்கின்றனர். அந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலேயே கண்மூடிவிட்டனர். எஞ்சியிருப்போர் கண்மூடுவதற்கு முன்னராவது இந்தப் பணி தொடங்கப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.