மகனின் கணனியும் உம்மாவின் காப்பும்



ஒரு தாயின் கவலையை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். மகனுக்கு இருபது வயது. கணனியில் நல்ல திறமைசாலி. பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை விற்க யாரோ முன்வந்திருக்கிறாராம். "செட்டிங்ஸைச் சரியாக வைத்து நாணயம் தோண்டினால், ஆறு மாதத்தில் போட்ட காசு திரும்பி வரும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். "உம்மா, உங்கட காப்பை வித்துத் தாங்க, அதைவிட நல்ல காப்பு வாங்கித் தாறன்" என்று மகன் காலையும் மாலையும் கேட்கிறான். கொடுப்பதா, வேண்டாமா?

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால், காரணம் விளங்காத தடை பிள்ளையின் காதில் ஏறாது. எனவே, முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம்.

சமையற்காரரும் களஞ்சியமும்

கிரிப்டோ நாணயம் தோண்டுவது என்றால் மண்வெட்டி வேலை அல்ல. கணனி இலட்சக்கணக்கான கணக்குகளை ஓயாமல் போட்டுப் பார்க்கிறது. சரியான விடையை முந்திக் கண்டவருக்குப் புதிய நாணயம் கிடைக்கிறது. பிட்கொயினுக்கு இதற்கென்றே செய்த தனி இயந்திரங்கள் வந்துவிட்டதால், வீட்டுக் கணனி அதில் எப்போதோ தோற்றுவிட்டது. கிராபிக்ஸ் கார்ட் கொடிகட்டிப் பறந்தது எதீரியத்தில்தான். 2015 முதல் 2022 வரை.

அந்தக் கார்டுக்குள் முக்கியமாக இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கணக்குப் போடும் மூளை. மற்றது தரவுகளை வைத்திருக்கும் நினைவகம். கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். மூளை சமையற்காரர், நினைவகம் களஞ்சிய அறை. எதீரியத்தின் கணக்கில் ஒவ்வொரு முறைக்கும் களஞ்சியத்துக்கு 64 தடவை போய், ஒவ்வொரு தடவையும் 128 பைட் எடுத்துவர வேண்டும். மொத்தம் 8,192 பைட். சமையற்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சாமான் வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

2020 டிசம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டைப் பாருங்கள். அதன் நினைவகம் விநாடிக்கு 448 கிகாபைட் தரக்கூடியது. இதை 8,192 ஆல் வகுத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 5 கோடியே 47 இலட்சம் கணக்கு என்ற எல்லை வருகிறது. கடையில் வாங்கியபடியே ஓடவிட்டால் உண்மையில் 5 கோடியே 20 இலட்சம் அளவில் கிடைத்தது. அதற்கு ஏறத்தாழ 200 வோட் மின்சாரம் போனது.

நெருப்பைக் குறைத்தால் வேலை கூடுமா?

கூடும். செட்டிங்ஸின் இரகசியம் இதுதான். ஆஃப்டர்பேர்னர் போன்ற மென்பொருளில் மூளைக்குப் போகும் மின்சாரத்தின் உச்சவரம்பை நூற்றுக்கு 60, 65 வீதம் வரை இறக்குவார்கள். சும்மா நிற்பவருக்கு எதற்கு அவ்வளவு நெருப்பு? பிறகு நினைவகத்தின் வேகத்தை மட்டும் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் சில மணி நேரம் ஓடவிட்டு, தவறான விடைகள் வருகின்றனவா, கணனி உறைந்துபோகிறதா என்று கவனிப்பார்கள். தவறு வந்தால் ஒரு படி இறங்குவார்கள். நன்றாகச் செய்தவர்கள் 120, 130 வோட்டில் 6 கோடிக் கணக்குவரை எடுத்தார்கள். செலவு குறைந்தது, வேலை கூடியது.

உஷ்ணமும் முக்கியம். மூளை குளிர்ந்திருக்க நினைவகம் கொதிப்பதுண்டு. 3080 போன்ற பெரிய கார்டுகளில் நினைவகம் 110 பாகை செல்சியஸைத் தொட்டு, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மூடிய சிறிய அறையில், நம் நாட்டு வெப்பத்தில், இது இன்னும் மோசமாகும்.

ஆகவே தாய்மாரே, மகன் சொல்வதில் பாதி உண்மை. செட்டிங்ஸ் பொய்யல்ல, அது நல்ல அறிவு. பொய் இருப்பது "ஆறு மாதத்தில் காசு வரும்" என்ற வாக்கில்.

பானை ஒன்றுதான்

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். எதீரியத்தில் பிற்காலத்தில் சுமார் 13 விநாடிக்கு ஒருமுறை 2 நாணயம் என்பதே பிரதான பரிசாக இருந்தது. உலகில் தோண்டுபவர்கள் எல்லோரும் தம் கார்டைத் திருத்தி வேகமாக்கினால் பரிசு கூடுவதில்லை, கணக்குத்தான் கடினமாகிறது. பானையில் உள்ள சோறு அதே அளவு; அகப்பைகள் மட்டும் பெருத்துவிட்டன. எல்லோரும் செய்யும் திருத்தத்தால் ஒருவருக்கு மிஞ்சுவது சேமித்த மின்சாரம் மட்டுமே.

அந்தப் பானையும் 2022 செப்டம்பர் 15 இல் கவிழ்ந்தது. அன்று எதீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. இரவோடிரவாக இலட்சக்கணக்கான கார்டுகளுக்கு வேலை இல்லாமற் போனது. அவை எதீரியம் கிளாசிக், ரேவன்கொயின் போன்ற சிறிய நாணயங்களின் பக்கம் பாய்ந்தன. அங்கே பங்கு சுருங்கிப்போனது. பலர் கார்டுகளை விற்கத் தொடங்கினார்கள். மகனுக்கு முன்னால் நீட்டப்படும் கார்டும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக இருக்கக்கூடும். அவ்வளவு காசு தரும் பொருளானால் அதை ஏன் விற்கிறார்? இந்த ஒரு கேள்வியை மகனையே கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டுக் கணக்கு

இனி உங்கள் கையில் இருக்கும் கணக்கு. நன்றாகத் திருத்திய கார்ட் 120 வோட் என்றே வைப்போம். கணனியின் ஏனைய பாகங்களுக்கு 60 வோட். மொத்தம் 180. இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 4.32 அலகு; 30 நாளைக்கு ஏறத்தாழ 130 அலகு. நம் நாட்டு மின்பட்டியல் படிப்படியாக ஏறுவது நீங்கள் அறிந்ததே. மாதம் 90 அலகு எரிக்கும் வீடு 220க்குத் தாவும். புதிதாகச் சேரும் அலகுகள் எல்லாம் மேற்படிகளின் விலையில் விழும். 180ஐத் தாண்டியவை மிக உயர்ந்த படியில். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது நாம் எப்படித் தவித்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. கிரிப்டோ நாணயம் தோண்டுவது உட்பட இத்தகைய திட்டங்கள் எதற்கும் தாம் அனுமதிப்பத்திரம் வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2022 ஜூலையில் பொதுமக்களை எச்சரித்தது. காசு போனால் முறையிடப் போகுமிடம் இல்லை என்பது இதன் பொருள்.

உம்மா என்ன சொல்லலாம்?

காப்பை விற்க வேண்டாம். ஆனால் மகனை ஏசவும் வேண்டாம். ஒரு தாளும் பேனையும் கொடுத்து அவனையே உட்காரவையுங்கள். கார்டின் விலை, மாதக் கரண்ட் செலவு, இன்றைய நாணய விலையில் ஒரு நாள் வரவு, அந்த விலை பாதியாக இறங்கினால் வரும் வரவு ஆகிய நான்கையும் எழுதட்டும். எழுதி முடித்ததும் பெரும்பாலும் அவனே தாளை மடித்து வைத்துவிடுவான்.

அவன் கற்ற வித்தை வீண்போகாது. மின்சாரத்தைக் குறைத்து, உஷ்ணத்தைத் தணித்து, இயந்திரத்திடம் அளவாக வேலை வாங்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணனி திருத்துமிடத்திலும் வீடியோ தொகுக்குமிடத்திலும் வேலை உண்டு. அந்த வழியைக் காட்டுங்கள். காப்பு உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஒரு நாள் அவனுடைய படிப்புக்குத் தேவைப்படலாம்.